ஊவா மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2014 இல்

2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. பூனாகலை கபரகலை தோட்டத்தில் மலை சரிந்தது. லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. ஆட்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பாடசாலைக்கு ஓடினார்கள். அதே நாள் நள்ளிரவுடன் நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலமும் முடிந்தது. மார்ச் 9 இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல், நிதி இல்லை என்று தள்ளிவைக்கப்பட்டிருந்தது. ஊவா மாகாண சபையோ 2019 ஒக்டோபரிலேயே காலாவதியாகிவிட்டது. மறுநாள் காலை பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, தாங்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்தவர் என்று சொல்ல, கொழும்பில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை.

நான் பூனாகலைக்காரன். இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் நீண்ட காலம் படிப்பித்தவன். இந்தத் தளத்தை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் வடக்கையும் கிழக்கையும் சேர்ந்தவர்கள், போரைக் கடந்து வந்தவர்கள். மாகாண சபை என்றால் உங்களுக்கு இந்திய – இலங்கை ஒப்பந்தமும் 13ஆவது திருத்தமும் நினைவுக்கு வரும். அதே சபை எங்கள் மலையில் என்ன செய்தது, அதற்கான தேர்தல் எப்படிக் காணாமல் போனது என்பதை இங்கே எழுதுகிறேன். வன்னியில் இருக்கும் பல குடும்பங்களுக்கு இது அந்நியமான கதையும் அல்ல. 1977 இலும் 1983 இலும் அடிபட்டுப் பதுளையையும் பண்டாரவளையையும் விட்டுப் போனவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகள் கடைசிப் போரையும் பார்த்தார்கள்.

1987 நவம்பரில் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. வடக்கு, கிழக்குப் பிரச்சினைக்கு என்று வந்த இந்த ஏற்பாட்டில் முதலில் வாக்களித்தவர்கள் வடக்கு, கிழக்கு மக்கள் அல்லர். 1988 ஏப்ரல் 28 அன்று வடமேல், வடமத்திய, சப்ரகமுவ, ஊவா ஆகிய நான்கு மாகாணங்களுக்குத்தான் முதல் தேர்தல் நடந்தது. இணைந்த வடகிழக்குக்கு அதே ஆண்டு நவம்பர் 19 இல் நடந்தது. அந்தச் சபை 1990 உடன் முடிந்துபோனது. அதன்பின் வடக்குக்குத் தனியாகத் தேர்தல் வர 2013 செப்டெம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகள் இயங்கி 2018 ஒக்டோபரில் அதுவும் முடிந்தது.

ஊவாவில் முதல் தேர்தல் நடந்தபோதும் எங்கள் லயன்களில் எல்லோருக்கும் வாக்கு இருக்கவில்லை. 1947 இல் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எஸ்.எம். சுப்பையா நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே 1948 இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1952 தேர்தலில் எங்கள் மக்களின் பிரதிநிதி ஒருவரும் தெரிவாகவில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் 39ஆம் இலக்கச் சட்டம் 1988 இன் பிற்பகுதியில்தான் வந்தது, அதாவது ஊவாவின் முதல் மாகாண சபைத் தேர்தல் முடிந்த பிறகு. அதிலும் விடுபட்டவர்களுக்கு 2003 இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஆகவே தேர்தல் விதியை எழுதுகிறவர் யார் என்பது எங்களுக்குப் படித்துத் தெரிந்த விடயம் அல்ல. ஒரு சட்டத்தால் வாக்கு போனதும் இன்னொரு சட்டத்தால் வந்ததும் எங்கள் வீட்டுக் கதை.

மாகாண சபைத் தேர்தலுக்கான விதியை மாகாண சபையால் எழுத முடியாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 13ஆவது திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள் இருக்கின்றன. மாகாண நிரலில் உள்ளவற்றுக்குச் சபை நியதிச் சட்டம் இயற்றலாம். ஒருங்கிய நிரலில் இருதரப்பும் இயற்றலாம். ஒதுக்கிய நிரல் முழுக்கக் கொழும்புக்கு. தேர்தல் அந்த ஒதுக்கிய நிரலில் இருக்கிறது. ஜனாதிபதி, நாடாளுமன்றத் தேர்தல்கள் மட்டுமல்ல, மாகாண சபை, உள்ளூராட்சித் தேர்தல்களும் அதற்குள்தான். உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம் என்று சொல்லப்பட்டாலும், வட்டார எல்லையைப் போடுவதும் தேர்தல் முறையைத் தீர்மானிப்பதும் மத்திய அரசு. மாகாணத்தில் உள்ளூராட்சி அமைச்சர் என்று ஒருவர் இருந்தார். அவருடைய அதிகாரத்தின் கீழ் வரும் பிரதேச சபையில் எத்தனை உறுப்பினர்கள் என்பதைக்கூட அவரால் தீர்மானிக்க முடியாது.

வேறு நாடுகளில் இப்படி இல்லை. அமெரிக்காவில் காங்கிரஸ் தேர்தலின் நேரம், இடம், முறை ஆகியவற்றை வகுக்கும் பொறுப்பை அரசியலமைப்பின் முதல் உறுப்புரையே மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கொடுக்கிறது. தொகுதி எல்லையைப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே கீறுகிறது. அதன் விளைவையும் பார்க்கிறோம். 2025 இல் டெக்சாஸ் சட்டமன்றம், குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து ஆசனங்கள் கிடைக்கும் நோக்கில் பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் எல்லைகளை மாற்றிக் கீறியது. கலிபோர்னியா பதிலுக்குத் தன் எல்லைகளை மாற்றியது. அதற்கு முன்னர் 2023 இல், வட கரோலினா வழக்கில், தேர்தல் விதிகளைப் பொறுத்தவரை மாநிலச் சட்டமன்றத்தை மாநில நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்ற வாதத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் நிராகரித்தது. தமிழ்நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் சட்டம் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. 2016 இல் பெண்களுக்கு ஐம்பது வீதம் ஒதுக்கியது அந்தச் சட்டமன்றம். அதே ஆண்டு நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பர் வரை இழுபட்டதும் அங்கேதான். அதிகாரம் கீழே இருந்தால் எல்லாம் நேர்மையாக நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே தேர்தலைக் கெடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரியும், அடுத்த தேர்தலில் அவரிடமே கேட்கலாம். எங்கள் மாகாணத்தில் தேர்தலைக் காணாமல் ஆக்கியவர்களை ஊவா வாக்காளர் தனியாக என்ன செய்ய முடியும்?

விதி கொஞ்சம் அசைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஊவாவே உதாரணம். எங்கள் சபைக்கு 34 ஆசனங்கள். அதில் இரண்டு, அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கான போனஸ். மீதி 32 ஐயும் பதுளை, மொனராகலை என்ற இரண்டு மாவட்டங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2009 தேர்தலில் பதுளைக்கு 21, மொனராகலைக்கு 11. 2014 தேர்தலில் பதுளைக்கு 18 ஆகக் குறைந்து மொனராகலைக்கு 14 ஆகக் கூடியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளையில் ஏறத்தாழ 8 இலட்சத்து 15 ஆயிரம் பேர், மொனராகலையில் ஏறத்தாழ 4 இலட்சத்து 51 ஆயிரம் பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பங்கீட்டில் இரு மாவட்டங்களிலும் ஓர் ஆசனத்துக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் வருவார்கள். புதிய பங்கீட்டில் பதுளையில் ஓர் ஆசனத்துக்கு 45 ஆயிரம் பேர், மொனராகலையில் 32 ஆயிரம் பேர். மாகாணத்தின் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் பதுளை மாவட்டத்தில் வாழ்கிறோம். மூன்று ஆசனங்கள் மலையிறங்கிப் போனபோது எங்கள் வாக்கின் எடையும் சேர்ந்து குறைந்தது. இதை எந்தச் சபையும் விவாதித்து முடிவெடுக்கவில்லை.

2014 செப்டெம்பர் 20 இல் வாக்களித்தோம். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 19, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13, மக்கள் விடுதலை முன்னணிக்கு 2. சஷீந்திர ராஜபக்ஷ மீண்டும் முதலமைச்சர். நாற்பது நாட்கள்கூட ஆகவில்லை. ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயன்கள், கோயில், மாட்டுத் தொழுவங்கள், ஆட்கள் எல்லாம் மண்ணோடு போயினர். அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியமர்த்த நிலம் இல்லை. நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளிடம் குத்தகையில் இருப்பது. தோட்ட வீடமைப்பு மத்திய அமைச்சிடம். தப்பியவர்களுக்காக மாகல்தெனியவில் 75 வீடுகள் 2016 ஒக்டோபரில் கையளிக்கப்பட்டன. அவற்றைக் கட்டியது இராணுவம். மாகாண சபை அந்தப் படத்தில் ஓரமாகத்தான் நின்றது.

அப்படியானால் அந்தச் சபை போனதில் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சபை இருந்த காலத்தில் இங்கே பாலும் தேனும் ஓடவில்லை. மக்கள் தந்த தீர்ப்பு நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. 2015 ஜனவரியில் கொழும்பில் ஆட்சி மாறியதும் உறுப்பினர்கள் பக்கம் மாறி, 13 ஆசனங்கள் பெற்ற கட்சியின் ஹரின் பெர்னாண்டோ முதலமைச்சரானார். 2018 ஜனவரியில் பதுளையில் ஒரு தமிழ்ப் பெண்கள் பாடசாலையின் அதிபர் முதலமைச்சர் முன் முழந்தாளிட வைக்கப்பட்டார் என்ற செய்தி வந்தது. அப்போது முதலமைச்சரிடமே கல்வி அமைச்சும் இருந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. அவர் கல்விப் பொறுப்பிலிருந்து விலகினார், கைதாகிப் பிணையில் வெளிவந்தார். ஓர் ஆசிரியனாக அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் வாக்குக் கேட்டு வந்தவர், மீண்டும் வாக்குக் கேட்டு வர வேண்டியவர். அதனால்தான் எதிர்ப்பு அவரைத் தொட்டது.

பாடசாலை மாகாணத்தின் கையில் இருக்கிறது. தேசியப் பாடசாலைகளைத் தவிர மற்றவை எல்லாம், தோட்டப் பாடசாலைகள் உட்பட, மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். ஆசிரியர் இடமாற்றம், கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை, கூரைத் தகரம், மலசலகூடம் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். ஆதார வைத்தியசாலைகள் பல, மாகாண வீதிகள், பிரதேச சபைகளின் மேற்பார்வை ஆகியனவும் அவ்வாறே. 2016 இல் நான் இருந்த பாடசாலையில் கூரை ஒழுகியது. பெற்றோர் நால்வரோடு ஒரு மாகாண சபை உறுப்பினரின் வீட்டு வாசலில் மூன்று தடவை போய் நின்றோம். மூன்றாம் தடவை எங்களைக் கண்டதும் அவர் முகம் சுளித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தகரம் வந்தது. 2021 இல் அதே கட்டடத்தின் மறுபக்கத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

சபை இல்லாத காலத்தில் மாகாணத்தை நடத்துவது ஆளுநர். அவரை நியமிப்பது ஜனாதிபதி. வரவு செலவு அவருடைய கையெழுத்தில் ஓடும். அதிகாரிகள் வேலை செய்வார்கள், சம்பளமும் போகும். புதிய நியதிச் சட்டம் மட்டும் வராது. ஆளுநர்களில் நல்லவர்களும் வந்திருக்கலாம். அவர் வாசலில் மூன்றாம் தடவை போய் நிற்க எங்களுக்கு ஓர் உரிமையும் இல்லை.

இனி அந்தத் தேர்தல் எப்படிக் காணாமல் போனது என்பதற்கு வருவோம். 2017 இல் நல்லாட்சி அரசாங்கம் எல்லா மாகாணத் தேர்தல்களையும் ஒரே நாளில் நடத்த 20ஆவது திருத்தச் சட்டமூலம் கொண்டுவந்தது. முதலில் முடியவிருந்த சபைகளின் தேர்தல் இதனால் தள்ளிப்போகும். அரசியலமைப்பின் மாகாண சபை அத்தியாயத்தைத் தொடுவதால், 154எ உறுப்புரையின்படி அதை ஒன்பது சபைகளின் கருத்துக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. சில சபைகள் ஏற்றன, சில நிராகரித்தன. உயர் நீதிமன்றமோ மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்றது. அந்த வழி அடைபட்டது.

அடுத்த வழி சாதாரண சட்டம். மாகாண சபைத் தேர்தல் வேட்புமனுவில் பெண்களுக்கு முப்பது வீதம் உறுதிசெய்வதற்கான ஒரு சட்டமூலம் ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் இருந்தது. 2017 செப்டெம்பர் 20 இல், ஊவாவில் நாங்கள் வாக்களித்துச் சரியாக மூன்றாவது ஆண்டு நிறைவில், குழுநிலை விவாதத்தின்போது அதற்குள் பக்கம் பக்கமாகப் புதிய திருத்தங்கள் செருகப்பட்டன. விகிதாசார முறை போய், பாதி தொகுதி, பாதி பட்டியல் என்ற கலப்பு முறை வந்தது. சட்டமூலத்தை நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தும் காலம் அதற்குள் கடந்துவிட்டது. நிறைவேறிய சட்டத்தை எங்கள் அரசியலமைப்பின் கீழ் எந்த நீதிமன்றமும் பரிசீலிக்க முடியாது. தேர்தல் ஒதுக்கிய நிரலில் இருப்பதால் மாகாண சபைகளையும் கேட்க வேண்டியதில்லை. 2017 இன் 17ஆம் இலக்கச் சட்டம் அன்றே நிறைவேறியது.

கலப்பு முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் குழு அமைந்து அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24 இல் வாக்கெடுப்பு. எதிராக 139, ஆதரவாக ஒருவருமில்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். சட்டப்படி பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு அமைந்தது. அது இரண்டு மாதத்தில் முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. 2019 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பழைய முறையில் நடத்தலாமா என்று உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். முடியாது என்றது மன்றம். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. அந்தச் செப்டெம்பருக்கு அடுத்த மாதம் ஊவா சபையும் முடிந்தது. ஒன்பதில் கடைசியாகப் போனது எங்களுடையது.

உள்ளூராட்சித் தேர்தலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே சட்டம் முழுமையாக இருந்தது, பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்டில் அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடந்தது. மாகாணத்துக்கோ நடத்து என்று கட்டளையிட ஒரு முறையே சட்டத்தில் இல்லை.

முறை எதுவாக இருந்தாலும் தேர்தல் வந்தால் போதும் என்று வடக்கில் சிலர் சொல்கிறார்கள். பெரும்பான்மையாக வாழும் இடத்தில் அது பொருந்தும். பதுளையில் நாங்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கிறோம், அதுவும் சிதறி. ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல, பசறை, நமுனுகுலை, லுணுகலை, மடுல்சீமை என்று மலைக்கு மலை. விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. பூனாகலையில் விழும் விருப்பு வாக்கும் மடுல்சீமையில் விழும் விருப்பு வாக்கும் ஒரே ஆளுக்குச் சேரும். தொகுதியாகத் துண்டு போட்டால், ஒவ்வொரு துண்டிலும் நாங்கள் தோற்கும் தரப்பு. பல அங்கத்தவர் தொகுதியோ, தோட்டங்களைப் பிரிக்காத எல்லையோ கிடைத்தால் ஒழிய வழியில்லை. பட்டியலில் கிடைக்கும் பங்கு கட்சித் தலைமையின் தயவு. 2017 திருத்தத்துக்கு எங்கள் மலையகத் தலைவர்களும் கை உயர்த்தினார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் விட்டால் நான் நேர்மையற்றவன்.

தீர்வு சிக்கலானது அல்ல. 2017 சட்டத்தின் கலப்பு முறைப் பகுதியை நீக்கிப் பழைய விகிதாசார முறையை மீட்டு, பெண்களுக்கான வீதத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் இதே நோக்கில் தனிநபர் சட்டமூலங்களைக் கொண்டுவந்தார்கள். அவை சட்டமாகவில்லை. அப்படி மீட்கும்போது பதுளைக்கும் மொனராகலைக்குமான 18 – 14 பங்கீட்டையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதைப் பற்றி இப்போது ஒருவரும் பேசுவதில்லை.

நாடாளுமன்றத்தில் மலையக உறுப்பினர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். 2024 இல் பதுளையிலிருந்து இரண்டு தமிழர்கள் தேசிய மக்கள் சக்தியில் தெரிவானார்கள். மகிழ்ச்சிதான். மத்திய சட்டம் எங்களுக்கு நல்லதும் செய்திருக்கிறது. தோட்டப் பகுதியில் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. அதற்கு முன்னர் பிரதேச சபைக்கு நாங்கள் வாக்களிக்கலாம், எங்கள் லயனுக்குப் போகும் வீதியை அந்தச் சபை கல் போட்டுத் திருத்த முடியாது. முப்பது ஆண்டுகள் அப்படியே இருந்தது. ஆனால் பாடசாலைக் கூரைக்கும் கிராமத்து மருந்தகத்துக்கும் நாடாளுமன்றம் பதில் சொல்லாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டியபோது பிரதேச சபை இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது. நடுவில் இருந்த படிதான் இல்லை.

2014 தேர்தலுக்குப் பயன்பட்டது 2013 இடாப்பு. அப்போது பதினெட்டு ஆகாதவர்களுக்கு இன்று முப்பது வயது நெருங்குகிறது. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அந்த வயதுக்காரர். சிலர் கொழும்பில் கடைகளில், சிலர் மத்திய கிழக்கில், சிலர் இங்கேயே கொழுந்து பறிக்கிறார்கள். வாக்காளர் இடாப்பு மீளாய்வுப் படிவத்தோடு கிராம அலுவலர் வரும்போது பெயரை நிரப்பிக் கொடுக்கிறோம். கபரகலையிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் நிரப்பும்போது, முகவரி என்ற இடத்தில் எதை எழுதுவது என்று என்னிடம் கேட்டார்கள். மண்ணுக்குள் போன லயன் வீட்டின் இலக்கத்தையா, தங்கியிருக்கும் பழைய தொழிற்சாலையையா?